செய்தியும் தீவனமும் ஒரே வண்டியில்: எருமப்பட்டிச் சாலையில் இரண்டு நாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "கிராமத்துல நெட் ஸ்லோ, அதான் ஆப் வேலை செய்யல" என்று எவராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நெட் மெதுவாக இருப்பது ஊருக்கே தெரிந்த விஷயம். தெரிந்தும் அதற்கு ஏற்றபடி செய்யாமல் இருப்பது நம் சோம்பேறித்தனம், வேறொன்றும் இல்லை. இந்தக் கோபத்தில்தான் நானும் இரண்டு நண்பர்களும் ஒன்றரை வருடம் உட்கார்ந்து ஒரு சமூக ஊடகத்தை எழுதினோம். அது நிஜமான ஊரில் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஐப்பசி முதல் வாரம், ஒரு புதன்கிழமை, நாமக்கல் கிளம்பினேன். போன இடத்தில் நன்றாக மூக்குடைபட்டேன். இதே மாதிரி வேலைக்காக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நாங்கள் செய்தது இதுதான். எருமப்பட்டிச் சாலையை ஒட்டிய ஆறு ஊர்களில், ஊருக்கு ஒரு கோழிப் பண்ணையில், டிபன் பாக்ஸ் அளவு பெட்டி ஒன்று இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் போனில் எழுதுவதெல்லாம் அந்தப் பெட்டியிலேயே தங்கும். யார் எழுதலாம், எதை நீக்கலாம் என்பதை அந்தந்த ஊரே முடிவு செய்யும். தலைமை அலுவலகம் என்று எதுவும் கிடையாது. ஆறு பெட்டிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், அவ்வளவுதான். இதற்குப் 'பஞ்சாரம்' என்று பெயர் வைத்தது பண்ணைக்காரர்கள். கோழியின் மேல் கவிழ்த்து மூடும் கூடையின் பெயர் அது. எங்கள் மூளையில் உதித்த நாலு இங்கிலீஷ் பெயர்களைக் கேட்டுச் சிரித்துவிட்டார்கள்.

அவர்களுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். முன்பு ஒரு பெரிய கம்பெனியின் ஆப்பில் குழு வைத்திருந்தார்கள். எங்கேயோ எப்போதோ எடுத்த செத்த கோழிப் படத்தை யாரோ அதில் போட்டுவிட்டார்கள். அதை நீக்கச் சொல்லி முறையிட ஆள் கிடைக்கவில்லை. ஊரில் நோய் என்று பேச்சுப் பரவி, ஒரு வாரம் முட்டை வண்டிகள் அந்தப் பக்கமே வரவில்லை. நம் பேச்சு நம் ஊரிலேயே இருக்கட்டும் என்று அப்போது முடிவு செய்தார்கள். இதனால்தான் நானும் இங்கே ஊர்ப் பெயர்களை எழுதவில்லை. நோய் என்ற சொல்லோடு ஒரு ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

இனி பயணம். நான் குடியிருக்கும் சூரமங்கலத்தில் காலை 5.10க்கு டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சேலம் புதிய பேருந்து நிலையத்தில் 5.40க்கு நாமக்கல் வண்டி, டிக்கெட் 52 ரூபாய். ஜன்னல் சீட் கிடைத்தது, கண்ணாடிதான் மூடவில்லை. 7.05க்கு இறங்கி, இரண்டு முட்டை தோசை, ஒரு காபி. ஆட்டோவுக்கு 120 கொடுத்து 7.40க்குத் தீவன மில் வாசலில் நின்றேன். கோட்டை, ஆஞ்சநேயர் எல்லாம் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். இரண்டையும் ஆட்டோவிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மில்லில் இருந்து தினமும் ஒரு தீவன வண்டி ஆறு ஊர்களுக்கும் போகிறது. அங்கெல்லாம் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். சின்ன எழுத்துச் செய்திகளை அந்த ஒரு கோட்டிலேயே பெட்டிகள் அனுப்பிவிடும். பெரிய படமும் வீடியோவும் அதில் நகராது. அதற்காக வண்டியின் சீட்டுக்கு அடியில் ஏழாவது பெட்டி ஒன்றை வைத்திருந்தோம். வண்டி ஒவ்வொரு பண்ணை வாசலிலும் நிற்கும்போது அது கனமான பதிவுகளை வாங்கிக்கொள்ளும், கொண்டுவந்ததைக் கொடுக்கும். ஒட்டிய கடிதத்தைத் தபால்காரர் படிக்க முடியாது இல்லையா, அதுபோல ஓட்டுநரால் எதையும் படிக்க முடியாது. இந்த ஏற்பாட்டில் எனக்கு எவ்வளவு பெருமை என்றால், பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மாவுக்கே விளக்கிக்கொண்டு வந்தேன். பாவம், அவர் மல்லூரிலேயே தூங்கிவிட்டார்.

ஓட்டுநர் முருகேசன் நிதானமான மனிதர். போகிற வழியை அவர் விளக்கினார். குஞ்சு வளர்க்கும் பண்ணை முதலில், வளர்ந்த கோழி அடுத்து, முட்டைக்கோழிப் பண்ணை கடைசி. இந்த வரிசை ஒரு நாளும் மாறாது. இரவில் மில்லில் சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்த பிறகுதான் மறுநாள் மறுபடி முதல் பண்ணை.

"சின்னதுல இருந்து பெருசுக்குப் போலாங்க மேடம். பெருசுல இருந்து சின்னதுக்குத் திரும்பக் கூடாதுங்க. சீக்கு சக்கரத்துலயே வந்துரும்," என்றார்.

முதல் நிறுத்தம் பழனியம்மாள் அக்காவின் பண்ணை, மில்லில் இருந்து பதினேழு கிலோமீட்டர். ஐம்பது வயதிருக்கும். தனியாக நடத்துகிறார். கொட்டகையில் நாலாயிரம் குஞ்சுகள், வந்து இருபத்திரண்டு நாள். கேட்டில் சக்கரம் நனைகிற தொட்டி, உள்ளே போகிறவர்கள் மிதிக்க மருந்து நனைத்த சாக்கு. பெட்டியைக் கேட்டுக்குப் பக்கத்து அறையில் வைத்திருந்தார். அதன் மேல் ஒரு தூசி இல்லை. நன்றாக இருக்கிறதா அக்கா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"போன பேட்ச் பாதிக்கு மேல போயிருச்சுங்க அம்மிணி. பக்கத்து ஊர்ல சீக்குன்னு எனக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. இந்தத் தடவ எங்க சீக்கு வந்தாலும் எனக்கு மொதல்ல தெரியோணும். அதுக்குத்தான் உங்க பெட்டிய வெச்சிருக்கறேன். இல்லீன்னா எடுத்துட்டுப் போயிருங்க."

தெரியும் அக்கா, கண்டிப்பாகத் தெரியும் என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

அன்றைக்கு 62 கிலோமீட்டர் சுற்றி, மாலை 4.15க்குக் கடைசி ஊர். தங்கவேல் என்பவரின் முட்டைக்கோழிப் பண்ணை. முதலாளி டவுனுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டு அங்கே வேலை செய்கிறவர் மூட்டைகளை இறக்கிக்கொண்டார். நான் கொட்டகை ஓரம் வரை நடந்து போய்க் கோழிகளைப் பார்த்துவிட்டு வந்தேன். வண்டிக்குள் பெட்டியின் விளக்கு படபடவென்று மின்னியது. ஏதோ பெரிய வீடியோ ஏறுகிறது. பாருங்கள் முருகேசன், வேலை செய்கிறது என்று கையைத் தட்டினேன். அவரும் மரியாதைக்குச் சிரித்தார். நாமக்கல் திரும்பி 900 ரூபாய் லாட்ஜில் நிம்மதியாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை அதே வண்டி, அதே சீட், 8.25க்குப் பழனியம்மாள் அக்கா பண்ணை வாசல். முன்சக்கரம் தொட்டிக்கு நாலடி தள்ளி இருக்கும்போது கேட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய போன் கூவியது. எடுத்துப் பார்த்தார். இரண்டு கையாலும் கேட்டை இழுத்துச் சாத்தினார்.

"முருகேசா, வண்டிய அங்கயே நிறுத்து. அம்மிணி, நீங்களும் எறங்காதீங்க."

தங்கவேலின் செய்தி அது. முந்தின நாள் மதியம் ஒரு மணிக்கு எழுதியது. கொட்டகையில் காலையிலிருந்து நாற்பது கோழி செத்திருக்கிறது, வெள்ளைக்கழிச்சல் சீக்கு போலத் தெரிகிறது, யாரும் இங்கே வந்த வண்டியை உள்ளே விடாதீர்கள் என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தார். கூடவே கோழிகள் தலை தொங்கி நிற்கும் வீடியோ. நேற்று அதை நேரில் பார்த்த நான் வெயில் அசதி என்றுதான் நினைத்தேன். அந்த வீடியோதான் நேற்று விளக்கை மின்னவைத்தது. அந்தப் பண்ணை வாசலில் நின்ற வண்டிதான், நான் கையைத் தட்டிய வண்டிதான், அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு நாலாயிரம் குஞ்சுகளின் வாசலுக்கு வந்திருக்கிறது. சக்கரத்தில் என்ன சுமந்து வந்ததோ யாருக்குத் தெரியும். என் செருப்பும் நேற்று அந்தக் கொட்டகை ஓரத்து மண்ணை மிதித்த அதே செருப்பு.

அக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏனுங்க அம்மிணி, சேதியும் சீக்கும் ஒரே வண்டியில வந்தா நான் எத உள்ள உடறது?" என்று கேட்டார்.

  முருகேசன் வண்டியைப் பின்னால் எடுத்தார். வழியிலிருந்தே தங்கவேலைப் போனில் பிடித்தேன். ஏன் சார் யாருக்கும் போன் செய்யவில்லை என்று கொஞ்சம் காட்டமாகவே கேட்டேன். மனிதர் குழம்பிப்போனார்.

"டிக் உழுந்துச்சுங்களே மேடம். அதனாலதான் எங்க ஆளும் உங்களுக்குத் தெரியும்னு நெனச்சு உட்டுட்டான். எல்லாத்துக்கும் போயிருச்சுன்னு நெனச்சுத்தான் செத்த கோழிய எடுத்துட்டு டவுனுக்குப் பரிசோதனைக்கு ஓடுனேன். டிக் உழுகலீன்னா அஞ்சு பேருக்கும் நானே போன் பண்ணியிருப்பேனுங்க."

அந்தப் பச்சை டிக்கை வரைந்தது நான்தான். செய்தி அவருடைய சொந்தப் பண்ணைப் பெட்டியில் ஏறியவுடனே டிக் விழும்படி வைத்திருந்தேன். பார்க்க நன்றாக இருக்கும் என்று. அதோடு எழுத்தையும் வீடியோவையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தேன். வீடியோ பெரியது, ஒரு கோட்டில் போகாது. ஆகவே மூன்றே வரி எழுத்தும் அதோடு சேர்ந்து வண்டிக்காகக் காத்துக் கிடந்தது. நெட்டின் மேல் பழி போடவே முடியாது. அந்த மூன்று வரியை அந்த ஒரு கோடே ஒரு நிமிடத்தில் சுமந்திருக்கும். நாங்கள் எதையுமே செய்யாமல் இருந்திருந்தால் தங்கவேல் ஐந்து போன் செய்திருப்பார். நாங்கள் செய்ததால்தான் செய்யவில்லை. இதை நான் ஜீரணிக்கச் சேந்தமங்கலம் சாலை பிரிகிற இடம் வரை ஆயிற்று.

அதற்குப் பிறகு புலம்பவில்லை. முதல் வேலையாக ஆறு ஊருக்கும் போனிலேயே சொல்லி முடித்தேன். வண்டியை ஒரு வாரத்துக்கு நிறுத்திக் கழுவ மில்லில் ஒத்துக்கொண்டார்கள். அக்காவிடம் அன்று மாலை வரைக்கும்தான் தீவனம் இருந்தது. அந்தப் பக்கமே போகாத வேறொரு வண்டி இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தது. என் செருப்பை மில் வாசலிலேயே விட்டுவிட்டு, கடைவீதியில் 180 ரூபாய்க்குப் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு லாட்ஜுக்குப் போய்க் குளித்துவிட்டு உட்கார்ந்தேன்.

மாற்ற வேண்டியது இரண்டு. எழுத்தை வீடியோவிலிருந்து அறுத்துவிட வேண்டும். எழுத்து முதலில் ஓடட்டும், வீடியோ பிறகு வரட்டும். டிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, செய்தி போய்ச் சேர்ந்த ஊர்களின் பெயரை மட்டும் காட்ட வேண்டும். போகாத ஊர் சிவப்பில் இருக்கும், அதைப் பார்த்து மனுஷன் போனை எடுப்பான். எழுதுவது பெரிய கஷ்டமாக இல்லை. அனுப்புவதுதான் கஷ்டம். வண்டி ஓடவில்லை. ஆகவே திருத்தமும் அதே ஒரு கோட்டு வழியாகத்தான் ஆறு பெட்டிக்கும் போயாக வேண்டும். முதலில் 640 கேபி வந்தது. நண்பர்கள் நாளைக்குப் பார்ப்போம் என்றார்கள். நாளை என்ற பேச்சே வேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன். அழகுக்குச் சேர்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தேன். மதியச் சாப்பாடு பொட்டலத்திலேயே ஆறிக் கிடந்தது. 38 கேபிக்கு வந்தபோது மணி 3.35. ஆறாவது பெட்டி 4.52க்கு வாங்கிக்கொண்டது.

5.10க்குத் தங்கவேல் பரிசோதனை முடிவை எழுதினார். வெள்ளைக்கழிச்சல்தான். என் திரையில் ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பிலிருந்து பச்சையாயின. ஆறாவது ஊர் பச்சையாக மூன்று நிமிடம். பழனியம்மாள் அக்காவைக் கூப்பிட்டு என் தப்புதான் அக்கா என்றேன். வந்துருச்சு, பார்த்தேன் என்றார். குஞ்சுகளுக்கு ஏதாவது வருமா என்பது ஒரு வாரத்தில் தெரியும், அதுவரை யாரும் வாசலுக்கு வர வேண்டாம், பெட்டியைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்துவிட்டார். 6.20 பஸ்ஸில் சேலம் திரும்பினேன். யாரிடமும் எதையும் விளக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. கோழிப் பண்ணைக்குப் போனால் இரண்டு ஜோடி மலிவுச் செருப்பு கொண்டு போங்கள். ஒரு நாளில் ஒரு பண்ணை போதும். ஒன்றுக்கு மேல் போவதானால் குஞ்சிலிருந்து கோழிக்குப் போங்கள், முருகேசன் சொன்ன வரிசையில். சொல்லாமல் கொட்டகைப் பக்கம் நடக்காதீர்கள், என்னைப் போல. மெதுவான நெட்டுக்கு ஏதாவது செய்பவராக இருந்தால், உங்கள் ஆப் எவ்வளவு வேகம் என்று பார்ப்பதற்கு முன்னால் அது எங்கே பொய் சொல்கிறது என்று பாருங்கள். தாமதமாகும் என்றால் தாமதமாகும் என்று சொல்லட்டும். ஊர்க்காரர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்கள், அவர்கள் கையில் போன் இருக்கிறது, காலில் பலம் இருக்கிறது. அப்புறம், நாமக்கல்லில் முட்டை தோசையைத் தவறவிடாதீர்கள்.

அந்த ஒரு வாரம் எப்படிப் போனது என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. தினமும் பத்துத் தடவை போனை எடுத்துப் பார்த்தேன். எட்டாம் நாள் காலை 8.40க்குச் சூரமங்கலத்தில் பால் வாங்கிக்கொண்டு நிற்கும்போது பழனியம்மாள் அக்காவிடமிருந்து ஒரு வரி வந்தது.

"குஞ்சு எல்லாம் நல்லா இருக்குதுங்க அம்மிணி. போட்டோ வண்டியில வருது."

வண்டியில். அப்படியென்றால் கேட்டைத் திறந்துவிட்டார்.