தானியேல் ஐயாவின் ஈரச் சாக்கு

1. பன்னுக்குள் செங்கல்

வேலைக்குப் புதிதாகப் போகிற பிள்ளைகள் என்னிடம், "ஆன்ட்டி, தேவசித்தம்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்கிறார்கள். நான் போதகரம்மா இல்லை. பெங்களூர் தண்டுப் பகுதியில், அதாவது கன்டோன்மென்ட்டில், ஒரு பேக்கரியில் கவுண்டரில் நின்றவள். எனக்குத் தெரிந்த பதில் ஒரு சாக்கில் ஆரம்பிக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நடந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் பக்கத்துத் தெரு டீச்சரம்மா புயல்போல உள்ளே வந்து ஒரு பன்னைக் கவுண்டரில் வைத்தார்.

"கிரேஸ், இதுல என்ன இருக்கு பாரு."

"திராட்சைங்க டீச்சர்."

"கடிச்சுப் பாரு."

நான் கடிக்கவில்லை. அது செங்கல் துண்டு. பன்னை மாற்றிக் கொடுத்துச் சமாதானம் செய்து அனுப்பினேன். எங்கள் பேக்கரியில் இருந்தது விறகு ஓவன். சின்ன அறை மாதிரி செங்கல்லால் கட்டி, மேலே வளைவாக மூடியிருப்பார்கள். அந்த வளைவில் விரிசல் விட்டுப் பல நாள் ஆகியிருந்தது. இப்போது கல்லே உதிர ஆரம்பித்துவிட்டது. தினமும் காலையில் சூடு ஆறியதும் அதற்குள் தலையையும் தோளையும் விட்டுச் சாம்பல் கூட்டுகிற ஆள் யார்? என் வீட்டுக்காரர் தேவராஜ்.

அவரிடம் சொன்னால், "முதலாளி சொல்லட்டும் கிரேஸ்" என்பார். அப்படி ஒரு சாது. நான் அப்படி இல்லை என்பதை இதற்குள் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

2. அடையாளம்

முதலாளி தானியேல் ஐயா நல்ல மனுஷர், ஜெபவீரர். எதற்கும் "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேம்மா" என்பார். கடைக்குப் பச்சைப் பெயின்ட்டா நீலப் பெயின்ட்டா என்று அவர் ஜெபிக்க ஆரம்பித்து, நான் கல்யாணமாகி வந்த பிறகும் சுவர் வெறும் சுண்ணாம்பாகவே நின்றது.

"ஐயா, ஓவனை மூடி மேஸ்திரியைக் கூப்பிடுங்க. இவர் தலையில விழுந்தா என் கதி என்ன?" என்றேன்.

"கிறிஸ்துமஸ் நேரத்துலயா? ஊரே கேக் மாவைக் கலந்து டிரேயில தூக்கிட்டு நம்ம ஓவன்ல சுட வரப்போகுது. மூடினா அத்தனை பேரும் அடுத்த தெரு சாயபு பேக்கரிக்குப் போயிடுவாங்களே!" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். "கர்த்தர்கிட்ட ஒரு அடையாளம் கேட்போம்."

வேதத்தில் ஒருவர் ஆட்டுத்தோலை வெளியே போட்டு, பனியை வைத்துக் கடவுளிடம் அடையாளம் கேட்டாராம். இங்கே ஆட்டுத்தோலுக்கு எங்கே போவது? மைதா சாக்கு. காலையில் சாக்கு நனைந்து, சுற்றித் தரை காய்ந்திருந்தால் ஓவனை மூடுவது. இல்லாவிட்டால் கிறிஸ்துமஸ் முடிகிறவரை எரிப்பது.

இதில் ஐயாவின் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். பெங்களூர்க் குளிரில் வெளியே போட்டால் எல்லாமே நனைந்துவிடும். அதனால் சாக்கைத் தகரக் கொட்டகைக்குள்ளே கொண்டுபோய் விரித்தார். அங்கே ஒரு சொட்டுப் பனி இறங்காது. கர்த்தருக்கே வழியை அடைத்துவிட்டு அடையாளம் கேட்டார் மனுஷர்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், சாக்கு சொதசொதவென்று ஈரம். சுற்றித் தரை காய்ந்து கிடக்கிறது! ஐயா முழங்காலில் விழுந்தார். "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று அந்தச் சாக்கை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார். எனக்கும் கண் கலங்கியது. வீட்டுக்காரர் தப்பித்தார், ஓவன் மூடியாச்சு என்று மனசு குளிர்ந்தது.

"ஐயா, அதை மூஞ்சிகிட்டக் கொண்டுபோகாதீங்க" என்றார் என் வீட்டுக்காரர். "டைகர் காலைத் தூக்கினதை நான் பார்த்தேன்."

டைகர் எங்கள் கடை நாய். கொட்டகையில்தான் படுக்கும்.

அடப்பாவி மனுஷா! உன் தலையைக் காப்பாற்ற ஒரு நாய் காலைத் தூக்கியிருக்கிறது. அதையும் கெடுத்தாயே! உண்மை பேசுகிற புருஷன் வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்பு நான்தான் ஜெபித்தேன். யாரிடம் போய்ச் சொல்ல?

ஐயா சாக்கைக் கீழே போட்டார். "அப்போ இது செல்லாது. இன்னிக்கு மறுபடியும் போட்டுப் பார்ப்போம். நீ போய் ஓவனைக் கூட்டு தேவராஜ்."

3. துடைப்பம்

என் வீட்டுக்காரர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் நின்ற இடத்திலேயே, 'ஆண்டவரே, என்ன செய்யட்டும்?' என்றேன். வானம் திறக்கவில்லை, சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் செய்ய வேண்டியது பளிச்சென்று தெரிந்தது. ஓடிப்போய்த் துடைப்பத்தைப் பிடுங்கி ஐயாவின் கையில் கொடுத்தேன்.

"இன்னிக்கு நீங்க கூட்டுங்கய்யா."

"நானா?"

"எரிக்கலாமா வேண்டாமான்னு தெரியலேன்னு சொன்னீங்களே. உள்ள போய்ப் பாருங்க, தெரியும்."

கோபத்தில் அவர் காது சிவந்தது. ஆனாலும் ரோஷக்காரர். டார்ச்சை வாங்கிக் குனிந்து உள்ளே தலையை விட்டார். துடைப்பம் எதிலோ இடித்தது. சர்ரென்று மண் கொட்டியது. அரைச் செங்கல் ஒன்று அவர் மூக்குக்கு முன்னால் தொப்பென்று விழுந்தது. வெளியே வந்தபோது வெள்ளைச் சட்டை கரிச்சட்டை ஆகியிருந்தது.

"மூடுங்க! மூடுங்க!"

"அடையாளம் வேண்டாமாய்யா?"

"இதுக்கு மேல என்னம்மா அடையாளம்!"

தொம்மலூரிலிருந்து மேஸ்திரி முனியப்பா வந்தார். வளைவைக் கடப்பாரையால் ஒரு தட்டுத் தட்டினார். மொத்த வளைவும் இடிந்து உள்ளே இறங்கியது. "அய்யோ தேவரே! யாராவது தலையை விட்டிருந்தா ஆயித்து, கதை முடிஞ்சுது" என்றார் கன்னடமும் தமிழுமாக. நான் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "அழாதே கிரேஸ், மாவு நனையுது" என்றார்.

கேக்குகளுக்குச் சாயபுவின் ஓவனைத்தான் கேட்க வேண்டியிருந்தது. "அதுக்கு ஜெபிக்கணுமேம்மா" என்று இழுத்தார் ஐயா.

"நீங்க ஜெபிச்சுக்கிட்டே இருங்க, நான் போய்க் கேட்டுட்டு வந்துடறேன்."

சாயபு சிரித்தார். "தாராளமா கொண்டாம்மா. உங்க நாயை மட்டும் கூட்டிட்டு வராதே."

பிள்ளைகளே, நான் கற்றது இவ்வளவுதான். கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். கேட்டு முடித்ததும் கண்ணைத் திறந்து பாருங்கள். பார்த்தது புரிந்துவிட்டால் எழுந்து போய்ச் செய்யுங்கள். புரிந்த பிறகும் அடையாளம் கேட்டுக்கொண்டிருப்பது பக்தி இல்லை, பயம்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் தானியேல் ஐயா சாட்சி சொன்னார். "கொட்டகைக்குள்ளே விரிச்ச சாக்கைக் கர்த்தர் நனைச்சுக் காட்டினார்!" சபையே "ஸ்தோத்திரம்" என்றது. ஆண்கள் பக்கம் என் வீட்டுக்காரர் மெதுவாக எழுந்திருக்கப் பார்த்தார். எனக்குத் தெரியாதா, எதற்கென்று? பெண்கள் பக்கத்திலிருந்து பலமாக ஒரு இருமல் இருமினேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திரும்பிப் பார்க்கக் கழுத்துமேல் தலை இருந்ததே, நானும் சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னேன்.