காதர் பாய் வண்டிக்கு வேறு இன்ஜின் தேடிய வாரம்

பெரம்பலூரில் நான் ஒர்க்ஷாப் போட்ட புதிது. காதர் பாயின் பழைய அம்பாசிடர் ஒரு டிராக்டருக்குப் பின்னால் கயிறு கட்டி வந்து நின்றது. பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்க ஆபீசுக்கு மாத வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டியும் அவருடையது, டிரைவரும் அவரே. வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது.

"ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குது செல்வராசு. ஒரே பொகை. ஆயிலைத் தண்ணியாட்டம் குடிக்குது. ஒண்ணாந்தேதி வண்டி வரலைன்னா வேற வண்டி வெச்சுக்கறேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு," என்றார்.

திருச்சியில் ஒரு புரோக்கரிடம் ஆக்சிடென்ட் வண்டியிலிருந்து இறக்கிய இன்ஜின் ஒன்று இருந்தது. அதைப் பேசி வைத்துவிட்டுத்தான் பாய் வந்திருந்தார். மனைவியின் சங்கிலியை விற்ற பணம் கையில் இருந்தது. அது ஒரு வேலைக்குத்தான் காணும். அந்த இன்ஜினை வாங்கி மாட்டலாம், இல்லையென்றால் இருப்பதை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போடும் போரிங் வேலை பார்க்கலாம். எது தப்பாகப் போனாலும் அடுத்து விற்க அவரிடம் வண்டி மட்டும்தான் மிச்சம்.

இப்போதைய பையன்கள் பானெட்டைத் தூக்கியவுடனேயே "மாத்திடலாம் சார்" என்கிறார்கள். அந்த தைரியம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. திருச்சிக்கு பஸ் ஏறினேன். பெயின்ட் அடித்து, புது மாப்பிள்ளை மாதிரி நிறுத்தி வைத்திருந்தார்கள் அந்த இன்ஜினை.

"ஹெட்டைக் கழட்டிப் பாத்துக்கலாமாங்க?"

"காசக் குடுத்து எடுத்துட்டுப் போயி, உங்க எடத்துல வெச்சுக் கழட்டிக்குங்க," என்றார் புரோக்கர்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அடுத்தவர் சங்கிலியை அதில் போட எனக்கு மனசு வரவில்லை. திரும்பி வந்து, பாய் வண்டியின் பிளக்குகளைக் கழற்றி கம்ப்ரஷன் பார்த்தேன்; அந்தத் துளைகளில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடியும் பார்த்தேன். முன்பு இறங்கிக் கிடந்தது, தேய்ந்த இடுக்கை ஆயில் அடைத்ததும் ஏறியது. அப்படியென்றால் வால்வில் குறையில்லை, ரிங்கும் போரும்தான் தேய்ந்திருக்கின்றன.

இன்ஜின் மேல்மூடியான ஹெட்டை இறக்கியதும் பயம் கூடியது. சிலிண்டர் சுவரெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி கீறல். ஏற்கெனவே கடைசி அளவு வரை போர் போட்ட பிளாக் வேறு. இனி உள்ளே புதுக் குழாய் மாதிரி ஸ்லீவ்தான் இறக்க வேண்டும்.

பாய் கையைப் பிசைந்தார். "அந்தத் திருச்சி இன்ஜினையே வாங்கிடலாம்னு நான் அப்பவே சொன்னேன்ல? இப்ப அதை வேற எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருப்பான்!"

நான் கார்புரேட்டர் வாயைத் துடைத்தேன். துணியில் வெள்ளையாகப் பசை ஒட்டியது. சுண்ணாம்புத் தூசி. ஏர் கிளீனரைத் திறந்தால், அடியில் ஆயில் நிற்க வேண்டிய கிண்ணம் காய்ந்து பளிச்சென்று இருந்தது.

"பாய், இதுல ஊத்துற ஆயில் எங்க?"

"அதுல ஊத்துனா கருப்பா சகதியாட்டம் ஆயிடுதுப்பா. அதான் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பெட்ரோல்ல கழுவி, சுத்தமாத் தொடைச்சு மாட்டிடுவேன்." பெருமையாகத்தான் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தூசியைப் புடிக்கத்தான் பாய் அந்த ஆயிலு! அந்தத் திருச்சி இன்ஜினை மாட்டியிருந்தாலும் இப்படித்தான் தூசி தின்னு தீத்திருக்கும்!"

அதன் பிறகு பாய் வேறு இன்ஜின் பேச்சை எடுக்கவில்லை.

பிளாக்கைத் திருச்சி லேத்துக்குக் கொண்டுபோனோம். சுவரில் விரிசல் இருந்தால் ஸ்லீவ் நிற்காது, பிளாக் பழைய இரும்புக்குத்தான் போகும். லேத்துக்காரர் பார்த்து முடிக்கும்வரை பாய் வாய்க்குள்ளேயே ஓதிக்கொண்டிருந்தார். நான் வாங்கிய டீ கையிலேயே ஆறிப்போனது. "விரிசல் இல்ல, எறக்கிடலாம்" என்று லேத்துக்காரர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இன்ஜினைப் பூட்டிய அன்று அது இறுக்கமாக இருந்தது. செல்ஃப் சுற்றவில்லை. கடைத்தெருவில் இருந்தவர்களைக் கூப்பிட்டுத் தள்ளினோம். இரண்டு முறை இருமி நின்றது. பாய் முகத்தை நான் பார்க்கவே இல்லை. மூன்றாம் முறை பிடித்தது. கொஞ்ச நேரம் புகைந்து, அப்புறம் புகை அடங்கியது. ஒன்றாம் தேதி வண்டி சுரங்க ஆபீஸ் வாசலில் நின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு பாய் ஒர்க்ஷாப்புக்கு வந்தார். கையில் ஏர் கிளீனர் கிண்ணம். ஆயில் கறுத்து, அடியில் களி மாதிரி தூசி படிந்திருந்தது. விரலை விட்டு எடுத்துக் காட்டினார்.

"இத்தனையும் உள்ளாறயா செல்வராசு போயிட்டு இருந்துச்சு?"

"ஆமாங்க பாய்."

"நானே கழுவிக் கழுவி தூசிக்கு வழி வுட்டிருக்கேன். அவ சங்கிலி போயிடுச்சேப்பா."

சீட்டில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் பொறுக்காத மனிதர், அந்த விரலைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

இன்ஜினை மாற்றுவதா, போரிங் வேலை பார்ப்பதா என்று அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இருந்த இன்ஜின் எதனால் போனது என்று பார்க்காமல் நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை.