வான்கோழி வேட்டைக்குப் புறப்பட்டு மனோர் பார்க்கில் நின்றது

பெப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. ஹரோவில் மெட்ரோபொலிட்டன் ரயிலில் ஏறியபோது என் தோள்பையில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் ஒரு மூலையைக் காட்டும் வரைபடமும், இலைதழை நிறத்தில் இரண்டு தொப்பிகளும், ஒரு மரப்பெட்டியும் இருந்தன. அன்றைக்கு நான் போகவேண்டியிருந்தது லண்டனின் மறுகோடியில் இருக்கும் பார்க்கிங் என்ற ஊர் வரைக்கும்தான். பையில் இருந்த பயணமோ அட்லாண்டிக்கைத் தாண்டியது.

காட்டு வான்கோழியை இங்கிலாந்தில் வேட்டையாட முடியாது. இங்கே இருப்பவை பண்ணைப் பறவைகள். அவற்றின் விதி டிசம்பரில் நத்தார் விருந்தோடு முடிந்துவிடும். வட அமெரிக்கக் காடுகளில் இருப்பது வேறு சாதி. வசந்தம் பிறந்ததும் ஆண் பறவை விடியற்காலையில் மரத்திலிருந்து இறங்கிப் பெட்டையைத் தேடி முழங்கும். வேட்டைக்காரன் ஒரு மரத்தடியில் முதுகு சாய்த்து, அசையாமல் உட்கார்ந்து, பெட்டையின் குரலில் கூப்பிடுவான். வந்தால் வந்தது. இமை வெட்டினாலே கண்டுபிடித்துவிடும் என்கிறார்கள். மார்பில் தாடிபோல மயிர்க்குஞ்சம் தொங்கும் பறவையை மட்டுமே வசந்தத்தில் சுடலாம் என்பது அந்த மாகாணத்துச் சட்டம்.

இதையெல்லாம் நானும் கஜனும் பல இரவுகள் தொலைபேசியில் பேசித் தீர்த்திருந்தோம். கஜன் என் கூட்டாளி. ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரே மேசையில் இருந்தவன். கல்யாணம் கட்டிப் பார்க்கிங்குக்குப் போனபிறகும் எங்கள் திட்டம் நிற்கவில்லை. எசெக்ஸ் பக்கம் ஒரு மைதானத்தில் வானில் எறியும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டுப் பழகினோம். நான் கால்வைத்திராத அந்த நாட்டை வானிலிருந்து எடுத்த படங்களில் அலசினேன். ரொறன்ரோவிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரக் கார் ஓட்டத்தில் ஒரு பண்ணை. வடக்கே ஓக் மரங்கள் நிற்கும் மேடு, அடிவாரத்தில் அறுத்துவிட்ட சோள வயல், இரண்டுக்கும் நடுவே ஓர் ஓடை. பறவை இரவில் மேட்டில் அடையும், காலையில் வயலுக்கு இறங்கும், ஆகவே நாங்கள் ஓடைக்கு இந்தப் பக்கம் உட்காரவேண்டும். என் வீட்டுத் தெருவைவிட அந்தச் சரிவு எனக்குப் பாடமாயிருந்தது.

பண்ணைக்கார அம்மா மின்னஞ்சலில் அன்பாகப் பேசினார், ஆனால் கறார்க்காரி. ஒரு பருவத்துக்கு இரண்டு பேரைத்தான் தன் நிலத்தில் விடுவார். ஞாயிறு மாலைக்குள் முடிவு சொல்லாவிட்டால் இடம் வேறு ஆட்களுக்குப் போய்விடும். நான் தயார். கஜனோ மூன்று வாரமாக என் எல்லாக் கேள்விகளுக்கும் ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தான். அனுமதிச் சீட்டு எடுக்கவில்லை. விமானச் சீட்டும் இல்லை. சனிக்கிழமை இரவு திடீரென்று ஒரு செய்தி: "புதுக் கார் எடுத்திருக்கிறன். நாளைக்கு முருகன் கோயில்ல பூசை. வா மச்சான்."

கார் எடுக்க நேரம் இருந்திருக்கிறது! முகத்துக்கு நேரே கேட்டு ஒரு 'ஓம், வாறன்' வாங்காமல் திரும்புவதில்லை என்றுதான் ரயில் ஏறினேன்.

வெம்பிளி தாண்டியதும் மரப்பெட்டியை வெளியே எடுத்தேன். இருபத்தெட்டுப் பவுணுக்குத் தபாலில் வந்தது. மூடியைப் பெட்டியின் விளிம்பில் உரசினால் பெட்டை வான்கோழியின் குரல் வரும். எனக்குத் துருப்பிடித்த கேற்றின் சத்தம்தான் வந்தது. எதிர் இருக்கையில் இருந்த சென்னைக்காரர் ஒருவர் பத்திரிகையைத் தாழ்த்தினார்.

"தம்பி தமிழா? அது என்ன, எலிப்பொறியா?"

"இல்லை ஐயா, வான்கோழியைக் கூப்பிடுற பெட்டி. கனடாவுக்கு வேட்டைக்குப் போறம்."

"அதுக்கா கனடா போறீங்க? டிசம்பர்ல சூப்பர்மார்க்கெட் போனா உரிச்சே குடுக்கிறானே."

"அது கூப்பிட்டா வராது, ஐயா."

"இதுவும் வராது," என்று பெட்டியைக் காட்டினார். "இன்னும் கொஞ்சம் மெதுவா தேய்ச்சுப் பாருங்க."

மெதுவாக உரசினேன். கொஞ்சம் வந்தது. அவர் பேக்கர் ஸ்ட்ரீட்டில் இறங்கும்போது, "ஆமா, இப்ப கோழி மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் பார்க்கிங் ரயிலுக்கு மாறினேன்.

இந்த ஆசை எங்கே தொடங்கியது என்று சொல்லவேண்டும். எங்களுக்குப் பத்து வயதிருக்கும். தமிழ் வகுப்புச் சுற்றுலா என்று நகரத்துக்குள்ளேயே இருந்த ஒரு சின்னப் பண்ணைக்குக் கூட்டிப்போனார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. யாரும் தொலைந்துவிடக்கூடாதே என்று ரீச்சர் வேலியோரம் நின்று இடாப்புக் கூப்பிட்டார். முதல் பெயரை அவர் உரத்துச் சொன்னதுதான் தாமதம், வேலிக்குள் நின்ற வான்கோழி கழுத்தை நீட்டிப் பெரிதாக முழங்கியது. அடுத்த பெயருக்கும் அப்படியே. சத்தம் எதுவானாலும் பதில் சொல்வது அதன் குணம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. 'கஜன்' என்றதும் அது முழங்க, ரீச்சர் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "கஜன் தனக்குப் பதில் சொல்ல ஆள் பிடிச்சிருக்கிறாரோ?" என்றார். வகுப்பே சேறு என்றும் பாராமல் விழுந்து சிரித்தது. கஜன் மட்டும் சிரிக்கவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு, "இது கூப்பிட்டா வருமடா," என்றான். இன்றைக்கும் ஹரோவில் அந்தப் பள்ளிக்கூட வாசலைக் கடக்கும்போது ஈரக் கம்பளிச் சட்டைகளின் மணமும் அந்த முழக்கமும் சேர்ந்தே வரும்.

பார்க்கிங் நிலைய வாசலில் கார் நின்றது. சாம்பல் நிறம், ஐந்து கதவு, பின்னால் ஒரு குடும்பத்தின் சாமான் முழுவதையும் ஏற்றலாம். அவனுடைய பழைய இரண்டு கதவுச் சிவப்புக் காரை ஒருநாளும் விற்கமாட்டேன் என்று சத்தியம் செய்தவன். அதைவிட ஆச்சரியம் முகத்தில் இருந்தது. தமிழ் வகுப்புக்கே தலைக்கு ஜெல் பூசி வந்த கஜன், அடர்ந்த தாடியோடு இறங்கினான்.

"என்னடா கோலம் இது?"

"சும்மா விட்டிருக்கிறன்."

"சட்டம் தெரியுமெல்லோ? தாடி வச்சதைத்தான் சுடலாம். உன்னை அந்தக் காட்டுக்குள்ள விட்டா நீ திரும்பி வரமாட்டாய்."

முன் இருக்கையில் இருந்த அவன் மனைவி துஷி சிரித்துவிட்டு, சிரித்தது தவறோ என்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அண்ணா, சாப்பிட்டனீங்களோ?" என்று பேச்சை மாற்றினாள்.

கோயில் இருந்த மனோர் பார்க்குக்குப் போகும் வழி முழுவதும் நான் வரைபடத்தை விரித்துவைத்து ஓடையையும் மேட்டையும் விளக்கினேன். கஜன் கண்ணாடியில் பார்த்து, "ம்," என்றான். "நல்ல இடம்தான்," என்றான். "காற்று எந்தப் பக்கம் அடிக்கும்?" என்று ஒருமுறை ஆசையாகக் கேட்டும்விட்டான். பிறகு றேடியோச் சத்தத்தைக் கூட்டினான்.

"டேய், இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள அந்த அம்மாவுக்குச் சொல்லோணும். வாறியா, இல்லையா?"

"முதல்ல பூசை முடியட்டும் மச்சான்."

சேர்ச் ரோட்டில் வரிசை வீடுகளுக்கு நடுவே கோபுரம் தெரிந்தது. குளிரில் ஐயர் வேட்டிக்கு மேலே தடித்த ஜக்கெற் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். காருக்குச் சந்தனம், குங்குமம், மாலை, நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டி முடித்துத் தேங்காயை நீட்டினார்.

"கார்க்காரர் வந்து உடையுங்கோ."

கஜன் ஓர் அடி பின்னால் வைத்தான். "நீ உடை, மச்சான்."

"உன்ர காரடா."

"நீ உடையன். ஆர் உடைச்சாலும் ஒண்டுதானே."

ஐயர் அவனைப் பார்த்தார், துஷியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தேங்காயை என் கையில் வைத்தார். துஷி அர்ச்சனைத் தட்டிலிருந்த வெற்றிலையை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

தேங்காயோடு நின்ற அந்தக் கணத்தில் எனக்கு என் அண்ணையின் ஞாபகம் வந்தது. அண்ணி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த மாதங்களில் அண்ணை சவரம் செய்யவில்லை. தேங்காய் உடைக்கவில்லை. குசினிப் பொறியில் அகப்பட்ட எலியைக்கூடக் கொல்லாமல், பெட்டியோடு பூங்காவுக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட்டு வந்தான். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தகப்பன் ஓர் உயிரை எடுக்கக்கூடாது. மூன்று மாதம் முடியும்வரை செய்தியை வெளியே சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது.

கட்டைவிரல் படங்கள், தாடி, ஐந்து கதவு. நான்தான் மக்கு.

தேங்காயை ஓங்கி அடித்தேன். சரிபாதியாகப் பிளந்தது. "நல்ல சகுனம்," என்றார் ஐயர். சக்கரங்கள் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு முன்னால் உருண்டன.

பகல் சாப்பாட்டுக்குப் பார்க்கிங் திரும்பும்போது நானே தொடங்கினேன்.

"மச்சான், ஒண்டு சொல்லோணும். இந்த வருசம் எனக்கு ஏலாது. வேலையில லீவு தரமாட்டினமாம். அடுத்த வசந்தம் பாப்பம்."

சிவப்பு விளக்கு விழுந்தது. கஜன் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லீவு போன மாதமே கிடைச்சிட்டுது எண்டு சொன்னனி."

"மாத்திப்போட்டாங்கள்."

"நீ பொய் சொன்னா உன்ர காது சிவக்கும். வகுப்பிலயிருந்தே அப்படித்தான்."

"குளிருக்குச் சிவந்திருக்கு. பச்சை விழுந்திட்டுது, எடு காரை."

அவன் எடுத்தான். கொஞ்ச தூரம் போனதும் ஒரு கையைப் பின்னால் நீட்டி என் முழங்காலில் தட்டினான். துஷி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணைத் துடைத்தது எனக்குத் தெரியும். நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டோம்.

மாலையில் ஹரோ ரயிலில் திரும்பும்போது பண்ணைக்கார அம்மாவுக்கு எழுதினேன். லண்டனில் யாருக்கும் சொல்லக்கூடாத காரணத்தைக் கடல் கடந்த ஓர் அந்நியருக்கு முழுவதும் எழுதிவிட்டேன். வீடு சேருமுன் பதில் வந்தது. எங்கள் இடத்தை வேறு இருவருக்குக் கொடுத்துவிட்டாராம். அடுத்த வசந்தத்துக்கு எங்கள் பெயரை முதலில் எழுதிவைத்திருக்கிறாராம். 'அந்தத் தகப்பனுக்கு என் வாழ்த்து. அவரை நித்திரை கொள்ளச் சொல்லுங்கள், இனிக் கிடைக்காது,' என்று முடித்திருந்தார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த மேட்டையும் ஓடையையும் மடித்துப் பைக்குள் வைக்கும் முன் ஒருதரம் விரலால் தடவிப் பார்த்தேன். அடுத்த வசந்தம் என்பது எளிதில் வந்துவிடாத வசந்தம் என்று எனக்கும் தெரியும், கஜனுக்கும் தெரியும்.

இதை இப்போது எழுதலாம். பெண்பிள்ளை. பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவும் முடிந்துவிட்டது. அன்றைக்குப் பார்க்கிங் போனபோது கஜன் மழுமழுவென்று வழித்த முகத்தோடு கதவைத் திறந்தான். பிள்ளை வீடு அதிரக் கத்திக்கொண்டிருந்தது. அவன் என் பையைத் துழாவி மரப்பெட்டியை எடுத்து, எனக்கு ஒருநாளும் சரியாகக் கைவராத அந்தப் பெட்டை வான்கோழிக் குரலை மெல்ல, இரண்டே இரண்டு தடவை எழுப்பினான்.

பிள்ளை சட்டென்று நிறுத்தியது. ஈரக் கண்ணை விரித்துச் சத்தம் வந்த பக்கம் மெதுவாகத் தலையைத் திருப்பியது.

"அசையாதை," என்றான் கஜன், உதடு பிரியாமல்.

நாங்கள் இருவரும் சுவரில் முதுகு சாய்த்து, இமை வெட்டாமல் உட்கார்ந்திருந்தோம்.