சம்மனசு படத்தின் முன்னால்

எங்கள் மாதா கோயில் பங்கு மண்டபத்துக்கு இத்தாலி ஓவியக் கண்காட்சி வந்தபோது, ஓவியத்தின் மேல் எனக்குப் பெரிய காதல் ஒன்றும் இருக்கவில்லை. எனக்குத் தேவைப்பட்டது ஓர் இடம். அம்மாவும் தங்கச்சியும் முகத்துக்கு முகம் பார்க்கக்கூடிய ஓர் இடம்.

தங்கச்சி மதுரங்குளியில் ஒரு முஸ்லிம் பையனைக் கலியாணம் முடித்து இஸ்லாத்துக்குப் போனவள். அன்றைக்கே அம்மா, "இனி என்ட வாசப்படி மிதிக்கப்படாது" என்று சொல்லிவிட்டா. பேத்தி பிறந்தபோதும் அந்தச் சொல் மாறவில்லை. அம்மாவின் மனதை இளக்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. ஏழெட்டு வருடம் நானும் உரித்துப் பார்த்தேன். தங்கச்சியோ கோயிலுக்குள் வரமாட்டாள். மண்டபம் வீடுமில்லை, கோயிலுமில்லை. இருவரையும் தனித்தனியே கூப்பிட்டுவிட்டு, என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

எல்லாம் ஐந்நூறு வருடத்துப் பழைய ஓவியங்களின் பிரதிகள். ஆள் உயரப் பலகைகளில் அச்சடித்து, லொறியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போகிறார்கள். தொடவேண்டாம் என்று மூன்று மொழியிலும் எழுதி வைத்திருந்தது. மாதாவைக் கண்டு தொட்டு, விரலை முத்தமிடாமல் போகிற சனம் எங்கள் கடற்கரையில் எங்கே இருக்கிறது? வாசலில் செருப்புக் குவியல். மத்தியானத்துக்குள் மாதாவின் பாதங்களிலெல்லாம் தேங்காயெண்ணெய்க் கறை. காவலுக்கு நின்ற பிள்ளைகள் சொல்லிச் சொல்லிக் களைத்து, கதிரைகளில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. அப்போதே பயந்திருக்க வேண்டும்.

சிறகோடு சம்மனசு வானத்திலிருந்து வந்து மாதாவுக்கு மங்கள வார்த்தை சொல்லும் படத்தின் முன்னால் அம்மா நின்றுகொண்டிருந்தா. கறுப்பு அபாயாவோடு தங்கச்சி, மகளைக் கையில் பிடித்தபடி வந்து, நாலடி தள்ளி நின்றாள். இருவரும் கண்டுகொண்டார்கள்.

குழந்தைதான் கேட்டது: "உம்மா, இது யாரு?"

"மர்யம் நாயகி, மகள். ஈஸா நபிட உம்மா."

அம்மா தலையைத் திருப்பவில்லை, காதைக் கொடுத்தா. உதடு அசைந்ததைக் கண்டேன். இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் பேசியிருப்பா என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

விடவில்லை. பின்னால் நின்ற ஒரு மனுசி, "அருள் நிறைந்த மரியே" என்று உரத்துத் தொடங்கினா. அவ்வளவுதான், மண்டபம் முழுக்க முழந்தாளில். பழக்க தோசம், நானும் விழுந்தேன். நின்றது தங்கச்சியும் மகளும் மட்டும். நான் பார்த்துப் பார்த்துத் தேடிய இடத்தை ஒரே நொடியில் கோயிலாக்கிவிட்டார்கள். செபம் சொல்லிக்கொண்டே அந்த மனுசியை மனதுக்குள் திட்டினேன்.

செபம் முடிந்ததும் அம்மாவால் எழும்ப ஏலவில்லை. முழங்கால் வருத்தம், எப்போதும் இரண்டு பேர் வேண்டும். நான் ஒரு பக்கம் பிடித்தேன். மற்றப் பக்கம் தங்கச்சி ஓடிவந்து பிடித்தாள். அம்மா எழும்பினா. எழும்பியும் அவளுடைய கையை விடவில்லை.

பிறகு அம்மா அந்தக் கையை, சின்னப் பிள்ளையின் கையை இழுப்பது போல மெதுவாக இழுத்து, மாதாவின் பாதத்தில் வைக்கப் போனா. தங்கச்சி விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"வேணாம்மா."

அம்மா இன்னொரு தரம் இழுத்தா.

"ஏலாதும்மா." அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அம்மா கையை விட்டா. தங்கச்சி, மகளைத் தூக்கிக்கொண்டு பாலாவி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம். விரலை விரித்திருந்தால் அவள் பொய்க்காரி என்பதும், இழுக்காமல் விட்டிருந்தால் அவ எங்கள் அம்மாவே இல்லை என்பதும் தெரிந்துதான் இருந்தது. ஆத்திரம் அதற்காகக் குறையவில்லை.

வீட்டுக்குப் போகும் ஓட்டோவில் அம்மா வலது கையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தா.

"அவள்ட கை நல்லாச் சுட்டது. காய்ச்சலோ தெரியா."

நான் தங்கச்சிக்குக் கோல் எடுத்து, போனை அம்மாவிடம் நீட்டினேன். மணி அடிக்கிற சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. பிறகு அவளுடைய குரல்: "அக்கா?"

அம்மா போனைப் பார்த்தா. வாங்கவில்லை.

"நீ கேள்" என்றா.