ஒகெம்டியின் பெயர்ப்பலகை

அகுன்னா யாரையும் லேசில் நம்ப மாட்டாள். நைஜீரியாவின் அபா நகரத்துச் செருப்புச் சந்தையில் எங்கள் வரிசை முழுக்க இதைக் கண்டு சலித்திருக்கிறது. அவித்த வேர்க்கடலை வாங்கினால் பொட்டலத்தின் அடிவரை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் காசு எடுப்பாள். கோயிலில் பாதிரியார் கண்ணை மூடி ஜெபிக்கச் சொன்னால் ஒரு கண்ணைத்தான் மூடுவாள். பக்கத்தில் கைப்பை இருக்கிறதே!

சீனாவிலிருந்து வரும் ரப்பர் சோல்தான் அவள் வியாபாரம். குவாங்சோவில் உட்கார்ந்துகொண்டு சரக்குப் பிடித்து அனுப்புகிறவன் எங்கள் ஊர்ப் பையன் முனாச்சி. வங்கிக்குப் போனால் வாரக்கணக்கில் இழுத்தடிப்பார்கள் என்பதால் எல்லோரும் போனிலிருந்தே கிரிப்டோ டாலர் என்கிற இணையப் பணமாக அவன் வாலட்டுக்கு, அதாவது அவன் போன் பணப்பைக்கு, போட்டுவிடுவோம். அந்த வாலட் முகவரி இருக்கிறதே, எழுத்தும் எண்ணுமாக நாற்பத்திரண்டு. வேறு யாரோ ஒருவர் முகவரிக்குத் தவறிப் போய்விட்டால் பணம் போனது போனதுதான், முறையிட ஓர் ஆபீஸ்கூடக் கிடையாது. அதனால் அகுன்னா அதை ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தாள். பணம் அனுப்பும்போது அட்டையைப் பார்த்து நான்கு நான்காக வாசிப்பாள். பக்கத்துக் கடை சினாசா போனைப் பார்த்து 'ம்' கொட்ட வேண்டும்.

"ஜெபம் ஆரம்பிச்சாச்சு, எல்லாரும் முட்டி போடுங்கப்பா" என்று எதிர்க்கடைக்காரர்கள் கிண்டலடிப்பார்கள்.

போன வருடம் முனாச்சி அந்த நாற்பத்திரண்டு எழுத்துக்குப் பதிலாக ஒரு பெயர் வாங்கினான். 'முனாச்சி குவாங்சோ', அவ்வளவுதான். அதைத் தட்டினால் பணம் அவனுக்குப் போய்விடும். வரிசையே கொண்டாடியது. அகுன்னா மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

"பேரு வெளியில தொங்குது, சரி. உள்ள யாரு உக்காந்திருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

இதைச் சொல்ல அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவள் கடைப் பலகையில் இருப்பது 'ஒகெம்டி சோல்ஸ்'. ஒகெம்டிக்கும் அவளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர் இடுப்பு முறிந்து சொந்த ஊருக்குப் போய்ப் படுத்தார். அந்த வருடம் கடை வாடகை கட்டவில்லை. சந்தைச் சங்கம் கடையைத் தூக்கி அகுன்னாவிடம் கொடுத்தது. எங்கள் சந்தையில் கடை கைமாறினால் பலகையை யாரும் இறக்குவதில்லை. பழைய பெயரைத் தேடி வருகிற கூட்டம் அப்படியே வரட்டுமே என்றுதான். காலாபாரிலிருந்தும் கேமரூனிலிருந்தும் வந்தவர்கள் அவளை அவர் மனைவி என்று நினைத்து 'மேடம் ஒகெம்டி' என்றார்கள். அவருக்குத் தருவதாக நினைத்து முன்பணம் தந்தார்கள். அவளும் திருத்தவில்லை, வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

ஒகெம்டி ஒன்றரை வருடம் கழித்துத் தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார்.

"கடை போனாப் போவுது. என்னைத் தேடி வர்றவங்களையாச்சும் விட்டுக்குடும்மா."

"நான் யாரையும் கையப் புடிச்சு இழுக்கலண்ணே. காலியாக் கெடந்துச்சு, வந்தேன். அவங்களா வந்து குடுக்குறாங்க. என் மேல என்ன தப்பு?"

அவர் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். யாரும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் எங்களில் பாதிப் பேர் கடை பிடித்த கதையும் அதுதான்.

இந்த அக்டோபரில் கிறிஸ்துமஸ் சரக்குக்குப் பணம் அனுப்பும் நாள் வந்தது. சினாசா மூன்று தையல் மெஷினை விற்று இரண்டாயிரம் டாலர் திரட்டி வைத்திருந்தாள். அவளுக்கு அதைத் தவிர வேறு முதல் கிடையாது. அகுன்னா அட்டையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே சினாசா முனாச்சியின் பெயரைத் தட்டி அனுப்பிவிட்டாள்.

"முடிஞ்சுது. நீ உன் ஜெபத்த முடிச்சுட்டு வாக்கா, நான் போய் வாழக்கா சுட்டது வாங்கிட்டு வரேன்."

"இருடி. அந்தப் பேருக்கு உள்ள என்ன இருக்குன்னு காட்டு."

பெயரை அழுத்திப் பிடித்தால் அடியில் பொடி எழுத்தில் முழு முகவரி வரும். அகுன்னா அட்டையோடு ஒத்துப் பார்த்தாள். முதல் நான்கே ஒத்துப்போகவில்லை. மறுபடி பார்த்தாள். சினாசா போனைப் பிடுங்கித் தானும் ஒத்துப் பார்த்தாள்.

அகுன்னா உடனே முனாச்சியைப் போனில் பிடித்தாள்.

"டேய் திருட்டுப் பயலே, பேரை எங்கடா மாத்தி வச்சிருக்க?"

"என்னக்கா இப்படிப் பேசுற? எட்டு வருசமா உனக்குச் சரக்கு அனுப்புறேன்."

"எட்டு வருசம் நல்லவனா இருந்தவன் ஒம்பதாவது வருசம் ஆரம்பிக்கக் கூடாதா? மூஞ்சியக் காட்டு. வீடியோவுல வா."

வந்தான். தேடிப் பார்த்தான். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டான். அந்தப் பெயருக்கு வருடா வருடம் பணம் கட்ட வேண்டுமாம், ஐயா மறந்துவிட்டார். கெடு முடிந்ததும் பெயர் காலியாகி, யாரோ முகம் தெரியாதவன் எடுத்துத் தன் வாலட்டோடு சேர்த்துக்கொண்டான். முனாச்சி அழுதான். அழுகையை அகுன்னா நம்பவில்லை. கெடு முடிந்த கடிதத்தைக் காட்டச் சொல்லி, தேதியைப் படித்த பிறகுதான் அவனை விட்டாள்.

அந்தப் பெயரோடு ஒரு செய்திப் பெட்டியும் இருந்தது. சினாசா அதில் கெஞ்சி எழுதினாள். மெஷின் விற்றதை எழுதினாள், பிள்ளைகளை எழுதினாள். மத்தியானம் பதில் வந்தது. வரிசையே கூடி நிற்க, அவள் அதை உரக்கப் படித்தாள்.

"நான் யார் பெயரையும் திருடவில்லை. காலியாகக் கிடந்தது, எடுத்துக்கொண்டேன். பணம் தானாக வந்தது. என் மேல் என்ன தப்பு?"

பெண்கள் வாரித் தூற்றினார்கள். அவன் கை அழுக வேண்டும், அவன் வீட்டுக் கூரை பறக்க வேண்டும் என்று ஆளுக்கொன்று. பிறகு எல்லோரும் அகுன்னாவைப் பார்த்தார்கள். எங்கள் வரிசையில் சாபத்துக்கு அவள் வாய்தான் பேர்போனது.

"மேடம் ஒகெம்டி, உன் வாயால நீயும் ரெண்டு சொல்லு!"

அகுன்னா தன் கடைப் பலகையை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பதிலை அவள் வார்த்தைக்கு வார்த்தை அறிவாள். வெட்கமாக இருந்தது. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, நடு மத்தியானத்தில், எல்லோர் முன்னாலும்.

கூட்டம் கலைந்ததும் சினாசாவிடம், "என் சரக்குல பாதிய எடுத்து நீ வித்துக்க, லாபத்த நீயே வச்சுக்க" என்றாள்.

சினாசா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்கு? இதுல உனக்கு என்ன கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காதுடி. போ."

பிறகு சங்கத்துக் காரியதரிசியிடம் போய் ஒரு நம்பர் வாங்கி வந்தாள். பலகைக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து போன் செய்தாள். நெடுநேரம் மணி அடித்தது.

"யாரு?" என்றது ஒரு கிழக் குரல்.

போனை எடுத்தால் 'ஒகெம்டி சோல்ஸ்' என்று சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். நுனி நாக்குவரை வந்துவிட்டதை விழுங்கினாள்.

"அகுன்னா பேசுறேண்ணே."

"எந்த அகுன்னா?"

"உங்க கடையில உக்காந்திருக்கிறவ."