தங்கையின் அறைக்கு வந்த விளக்கு

எக்ஸ்ரே எடுக்கும் அவளை மருத்துவமனையில் எல்லோரும் மூச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, இப்ப விடுங்க" என்று நாளைக்கு நூறு தடவையாவது சொல்வாள். தங்கை கல்யாணமாகிப் போனபின், பல நாட்கள் அவள் வாயிலிருந்து வந்த பேச்சே அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வருஷம் இருவரும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். நாற்பத்தேழு வயதில் தங்கைக்கு ஒரு பஸ் டிரைவரைப் பிடித்துப்போனது. அக்காதான் முன்னின்று நடத்தி வைத்தாள். "லீவுக்கெல்லாம் இங்கதான் வருவேன், என் ரூமை அப்படியே வை" என்று சொல்லிவிட்டுத் தங்கை வெளியூர் போனாள். அக்காவும் ஒன்றரை வருஷம் அப்படியே வைத்திருந்தாள். மாதம் ஒருமுறை படுக்கை விரிப்பைத் துவைத்துப் போடுவாள். யாரும் படுக்காத விரிப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலைத் தூக்கிச் சுவரோரம் நிறுத்தினாள். அந்த இடத்தில் ஒரு இரும்பு ஸ்டாண்டும், கொத்தமல்லி விதைத்த நீளத் தட்டும் வந்தன. ஏன் என்று கேட்க வீட்டில் ஆளில்லை. ஜன்னலுக்கு நாலடி தள்ளிப் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பகலிலேயே அங்கே விளக்கு வேண்டும்.

எலெக்ட்ரிக் கடைக்காரர் சிவப்பும் நீலமும் கலந்த எல்இடி பல்பு ஒன்றைக் கொடுத்தார். "செடிக்குன்னே வர்றதும்மா. கண்ணை மூடிட்டு வாங்கலாம்."

கண்ணை மூடிக்கொண்டுதான் அறைக்குள் போகவேண்டியிருந்தது. ஊதா வெளிச்சத்தில் இலை கறுப்பாகத் தெரிந்தது. வெளுத்திருக்கிறதா, நன்றாயிருக்கிறதா என்றே புரியவில்லை. நடுவில் இருந்தவை மட்டும் தேறின. ஓரத்து நாற்றுகள் பல்பைப் பார்த்து நூல் மாதிரி நீண்டு சாய்ந்தன. அந்த நேரம் பார்த்துத் தங்கை வீடியோவில் வந்தாள்.

"என்னக்கா, மூஞ்சி கத்தரிக்காய் கலர்ல இருக்கு? எங்க நிக்கறே?"

"கடையில." பொய் சட்டென்று வந்துவிட்டது.

மறுநாள் நிஜமாகவே கடைக்குப் போனாள்.

"இதைவிட அதிக வாட்ஸ் தரட்டுமாம்மா?"

"வாட்ஸ் கரண்ட் தின்கிற கணக்கு. இலை மேல எவ்வளவு விழும்? ஒரு அடியில எவ்வளவு, ரெண்டடியில எவ்வளவு?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பெட்டிகளை அவளே ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தாள். தள்ளிப் போகப் போகக் கதிரின் வலு எப்படி மளமளவென்று குறையும் என்பது அவளுக்குத் தொழிலில் பழகிய விஷயம். கடைசியில், எந்த உயரத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்று அட்டவணை அச்சிட்ட வெள்ளை விளக்கு ஒன்று கிடைத்தது. தட்டின் நீளத்துக்குச் சரியான பட்டை வடிவம். இரண்டு எடுத்தாள்.

"வெள்ளையில செடி வளருமா?"

"அதுக்குள்ள சிவப்பு, நீலம் எல்லாம் இருக்கு. அதோட, நானும் அங்க உட்காரணும்."

சொன்னபிறகு அவளுக்கே கூச்சமாக இருந்தது.

ஒரு சாண் உயரத்தில் சங்கிலியில் தொங்கவிட்டாள். நாலு நாளில் இலை நுனி கருகவே, கொஞ்சம் மேலே ஏற்றினாள். தினம் பதினாலு மணி நேரம் எரிய டைமர் வைத்தாள். மாலையில் வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே ஸ்டூல் போட்டுச் சாப்பிட்டாள்.

மூன்று வாரம் கழித்துத் தங்கை கூப்பிட்டாள். "லீவுல இவருக்கு டியூட்டி போட்டுட்டாங்கக்கா. வரமுடியாது."

"சரி. ஒண்ணு சொல்லணும். உன் கட்டிலை நிறுத்தி வச்சுட்டேன். அங்க செடி வளர்க்கறேன்."



"அப்ப நான் வந்தா எங்க படுக்கறது?"

"என் கட்டில்ல."

"நீ?"

"செடிக்குப் பக்கத்துல விரிச்சுக்கறேன்."

தங்கை சிரித்தாள். சிரிப்பு பாதியில் மூக்கை உறிஞ்சும் சத்தமானது. "ஒரு வார்த்தை கேக்காம எடுத்துட்டியேக்கா."

"கேட்டா வேண்டாம்னு சொல்வே. நானும் காலி ரூமைக் கூட்டிப் பெருக்கிட்டே இருப்பேன்."

அந்த வாரம் கொத்தமல்லியை அறுத்தாள். கை நிறைய இருந்தது. ஒரு பிடியை மருத்துவமனையில் ஒரு நர்ஸிடம் கொடுத்தும், மிச்சம் ஃப்ரிட்ஜில் வாடிப்போனது. அடுத்த தடவை பாதித் தட்டில் மட்டும் விதைத்தாள். விளக்குகளில் ஒன்றைக் கழற்றி, துடைத்து, பெட்டியில் வைத்தாள்.