கோட்டுக்கு மேலே போன வெளிச்சம்

பிரசவம் பார்க்கும் நர்ஸ் ஒருத்தி ஒரு சாயங்காலம் தன் பழைய காரை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிக்கொண்டு, கார் விளக்கு மாட்டும் கடை வாசலில் வந்து நின்றாள். வலது பக்கத்து விளக்கு எரியவில்லை. இறங்கும்போதே, பெரிய செலவாக இருந்தால் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். லைட்டு மாஸ்டர் பானெட்டைத் திறந்து பார்த்தார். பல்பு கருகிக் கிடந்தது. அதை உள்ளங்கையில் மறைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மேசைக்கு அடியில் இருந்த பிஸ்கட் டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்டினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"பல்புக்கு ஒண்ணும் ஆகலம்மா. காண்டாக்ட்ல துரு. சுரண்டி விட்டேன், அவ்வளவுதான்" என்றார்.

நர்ஸ் நம்பிக்கொண்டு போனாள். உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து ஒயர் முனைகளை அழுத்திக்கொண்டிருந்த அவர் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சிரித்தாளே தவிர ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவருக்குக் கோபம் வரும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்.

அந்த டப்பாவில் இருந்ததெல்லாம் நல்ல பல்புகள். செனான் கிட் போட வருகிறவர்களின் காரிலிருந்து கழற்றியவை. அந்தக் கடைக்கு வருகிற பத்துப் பேரில் ஏழு பேர் அதற்காகத்தான் வருவார்கள். கம்பெனியில் போட்டுக் கொடுத்த மஞ்சள் விளக்கு போதவில்லை, வெள்ளை வெளிச்சம் வேண்டும் என்பார்கள். செனான் பல்புக்குள் கம்பி கிடையாது. வாயுதான் எரியும். அதை மூட்டிவிட பேலஸ்ட் என்று ஒரு சின்னப் பெட்டி, பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுத்துவர ஒரு ஒயர்க் கொத்து. பெட்டிகளை அவர் பூட்டுவார். ஒயர்க் கொத்தைக் கட்டுவது மனைவியின் வேலை. பதினாறு வருடமாக அவள் கட்டிய கொத்தில் ஒன்றுகூடப் புகைந்ததில்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் அண்ணி.

செனான் பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. விரல் எண்ணெய் ஒட்டினால் அந்த இடத்தில் சூடு ஏறி வெடித்துவிடும். பச்சைக் குழந்தையைத் துணியில் ஏந்துவது போல அவர் அதைத் துணியில் ஏந்துவார். மாட்டி முடித்ததும் ஷட்டரை இறக்கிவிடுவார். பட்டப்பகலிலேயே கடை இருட்டாகிவிடும். எதிர்ச் சுவரில் ஒரு கருப்புக் கோடு இருக்கும். வண்டியை அளந்து நிறுத்தி விளக்கைப் போட்டால், முதலில் நீலமாக நடுங்கும். மெல்ல மெல்ல வெளுத்து நிலைக்கும். அதற்குள் அவர் பத்து எண்ணிவிடுவார். பிறகு விளக்குக்குப் பின்னால் இருக்கும் திருகாணியைத் திருப்பி, வெளிச்சத்தின் மேல் விளிம்பைக் கோட்டுக்குக் கீழே கொண்டுவருவார். பழைய விளக்குக் கூடு மஞ்சள் பல்புக்காகச் செய்தது. அதில் செனானை வைத்தால் வெளிச்சம் சிதறும். அதனால் கோட்டுக்கும் கீழே இரண்டு சுற்று கூடுதலாக இறக்குவார். அதை இறக்காமல் அவர் கடையிலிருந்து ஒரு வண்டியும் வெளியே போனதில்லை.

"இவ்வளவு பெரிய லைட்டப் போட்டுட்டு, தரையப் பாத்துக்கிட்டா போகச் சொல்றீங்க?" என்று ஒரு வாடிக்கையாளர் குத்தலாகக் கேட்டார்.

"எதிர்ல வர்றவரும் வீட்டுக்குப் போய்ச் சேரணும்ல" என்றார் மாஸ்டர்.

"இது போட்டா தூரத்துல இருக்கிற மாமியார் வீடு தெரியுமா மாஸ்டர்?"

"தெரியும். அவங்களுக்கும் நீங்க வர்றது தெரியும். யோசிச்சுக்குங்க."

இப்படிப் பேசுகிற மனிதர்தான். ஆனால் வேலையில் மட்டும் விளையாட்டே கிடையாது. அளவு பார்க்க மீட்டர் வாங்கலாமே என்று அவள் ஒரு தடவை சொன்னதற்கு, கடவுள் இரண்டு மீட்டரை முகத்தில் வைத்து அனுப்பியிருக்கிறார், மூன்றாவது எதற்கு என்று கேட்டுவிட்டார்.

அந்த மீட்டரில்தான் கோளாறு வந்தது.

முதலில் வந்தது கிட் மேல் சந்தேகம். புதிதாக வந்த பெட்டிகள் மங்கல் என்றார். மாட்டிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், கழற்றிப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பச் சொல்வார். இப்படி மூன்று தடவை அனுப்பியாயிற்று. மொத்த வியாபாரி இருபது வருடப் பழக்கம். அவர் ஒரு நாள் மாஸ்டர் இல்லாத நேரம் பார்த்துப் போன் செய்தார்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. நீங்க அனுப்பினதெல்லாம் நான் மீட்டர் வச்சுப் பாத்துட்டேன். ஒண்ணுலயும் குறை இல்ல. அதையே வேற கடைக்குக் குடுத்தேன், அவங்க நல்லா இருக்குன்னு சொல்றாங்க" என்றார். பிறகு, "மாஸ்டருக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் அவள் அவரைப் புதிதாகப் பார்க்க ஆரம்பித்தாள். இடது பக்கம் ஆள் வந்து நின்றால் அவருக்குத் தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே பம்பர் இடித்த காயம் ஆறுவதற்குள் இன்னொரு காயம். மேசையோரம் வைத்த டம்ளர் கைபட்டு விழுகிறது. ஒரு நாள் அவர் சரிபார்த்துவிட்டு வெளியே போன நேரத்தில் சுவரைப் பார்த்தாள். வெளிச்சத்தின் விளிம்பு கோட்டுக்கு மேலே ஒரு சாண் ஏறி நின்றது. அவருக்கு மங்கலாகத் தெரிந்ததால், தெரிகிற வரைக்கும் தூக்கி வைத்திருக்கிறார்.

சொல்லிவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அதே வாரம் ஒரு வாடிக்கையாளர், மாஸ்டருக்கு யாராவது கண்ணாடி வாங்கிக் கொடுங்கப்பா என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. ராத்திரியும் தொடவில்லை. ஒரு வார்த்தைக்கே இப்படிச் சுருண்டு போகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? வயதானால் எல்லோருக்கும் வருகிறதுதானே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். கடவுளிடமும் அதையேதான் கேட்டாள். வயசுக் கோளாறாக இருக்கட்டும், வேறொன்றும் வேண்டாம் என்று.

அடுத்த வண்டி வந்தபோது துடைக்கிற துணிக்குள் சின்ன ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டாள். அவர் கை கழுவப் போனதும், விளக்குக் கண்ணாடியைத் துடைப்பது போலக் குனிந்து, திருகாணியைத் திருப்பிக் கோட்டுக்குக் கீழே இறக்கிவிட்டாள். பதினாறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த வேலை, கை தானாகச் செய்தது. அவர் திரும்பி வந்து வண்டியை அனுப்பிவைத்தார். ஒரு குறையும் வரவில்லை. அதற்கடுத்த வண்டிக்கும் அப்படியே செய்தாள். யாருக்கும் மனம் நோகாமல், யாருக்கும் தெரியாமல் ஒரு குறையைத் தீர்த்துவிடுகிற இந்தப் பழக்கத்தை அவள் வேறு யாரிடமும் கற்கவில்லை, அவரிடம்தான் கற்றாள். ஆனால் அவர் துரு என்று சொன்ன பொய்யால் ஒரு விளக்கு எரிந்தது. இவள் பேசாமல் மறைத்ததால் என்ன ஆனது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஏழு மாதம் இப்படி ஓடியது. எந்த வண்டியும் விளக்கைப் பற்றிக் குறை சொல்லித் திரும்பி வரவில்லை. மாஸ்டரின் முகத்தில் பழைய தெளிவு வந்தது. கிட் எல்லாம் இப்போது பரவாயில்லை என்றுகூடச் சொன்னார். அவளும் நிம்மதியாகத் தூங்கினாள்.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து நிற்க முடியாத காய்ச்சல். எட்டு நாள் கடைக்குப் போகவில்லை. ஒன்பதாம் நாள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால், கடை வாசலில் நான்கு வண்டிகள் நின்றன. நான்கும் அந்த எட்டு நாளில் செனான் போட்டுக்கொண்டு போனவை.

"எதிர்ல வர்றவன்லாம் வண்டிய நிறுத்தி இறங்கி வந்து திட்றான் மாஸ்டர். ஒருத்தர் கண்ணு கூசிப் பள்ளத்துல இறங்கிட்டார். நல்லவேளை, ஆளுக்கு ஒண்ணும் ஆகல" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் ஒரு வண்டியை உள்ளே கொண்டுவரச் சொன்னார். ஷட்டரை இறக்கினார். வண்டியைச் சுவருக்கு நேரே நிறுத்தி விளக்கைப் போட்டார். சுவருக்குப் போய்க் குனிந்து, கோடு இருக்கும் இடத்தைக் கையால் தடவித் தேடினார். கோட்டில் விரலை வைத்தபடி அண்ணாந்து பார்த்தார். வெளிச்சம் அவர் நெற்றிக்கு மேலே சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரம் அவர் அப்படி நின்று அவள் பார்த்ததில்லை. திரும்பியபோது அவளைப் பார்த்தாரா, அவள் நின்ற திசையைப் பார்த்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நாளைக்குக் கண்ணு டாக்டர்ட்ட போகலாம்" என்று மட்டும் சொன்னார். அந்த நான்கு வண்டிகளின் விளக்கையும் அன்று அவள்தான் அவர் கண்ணெதிரிலேயே இறக்கிக் கொடுத்தாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாகச் சோதித்தாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பு ஓரத்திலிருந்து உள்நோக்கிச் செத்துக்கொண்டே வந்திருக்கிறது என்றாள். வலி இருக்காது, அதனால்தான் தெரிவதில்லை. போனது இனித் திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம், ஆனால் மிச்சமும் நூல் மாதிரிதான் இருக்கிறது.

"ஒரு ஆறேழு மாசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா, இருந்த பார்வையையாவது நிறுத்தி வச்சிருக்கலாம்" என்றாள் டாக்டர்.

ஆறேழு மாதம். அவள் கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். தாலி கட்டியவருக்குக் கண்ணாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, தானே அவர் கண்ணைக் கட்டிவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் உள்ளே ஒரு குரல் கேட்டது. இறங்கும் இடம் வந்துவிட்டது. சொல்லவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

சொட்டு மருந்தும் அறுவைச் சிகிச்சையும் அந்த நூலை ஒரு வருடம் பிடித்து வைத்தன. பிறகு அதுவும் போனது. கடையை மூடவில்லை. இடம் மாறிக்கொண்டார்கள். அவள் பானெட்டுக்கு அடியில் குனிந்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒயர்க் கொத்து கட்டினார். தடிமனைத் தடவியே எது எந்த ஒயர் என்று சொல்லிவிடுவார். வாடிக்கையாளர்கள் வந்தால் குரலை வைத்து அடையாளம் கண்டு வம்புக்கு இழுப்பார். அவளைச் சின்ன மாஸ்டர் என்று கூப்பிட்டு எல்லோரையும் சிரிக்க வைப்பார். அவள் சிரிக்க மாட்டாள். அவர் ஒரு நாள் கோபித்துக்கொண்டு, எப்போதாவது ஒரு தடவை திட்டியாவது விட்டால் தேவலை என்று அவளுக்கு இருக்கும். அவர் திட்டவே இல்லை. ஜெபத்தில் உட்கார்ந்தால் அவளுக்கு வார்த்தை வராது. கடவுளிடம் பொய் சொல்ல முடியாதே. அதனால் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துவிடுவாள்.

அதற்கடுத்த வருடம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் சாயங்காலம் நன்றாகத்தான் இருந்தார். கஞ்சி குடித்தார். பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டையை டீசல் இன்ஜின் என்று கிண்டல் செய்தார். பார்வை நேரம் முடியப்போகிறது என்று நர்ஸ் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் எழுந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். துணிக்குள் வைத்த ஸ்க்ரூடிரைவர், ஏழு மாதம், மொத்த வியாபாரியின் போன், ஒன்றையும் விடவில்லை.

அவர் முகம் மாறவில்லை.

"தெரியும்" என்றார். "காய்ச்சலுக்கு முன்னாடியே தெரியும். ஹார்ன் வேலைன்னு திரும்பி வந்த வண்டியில திருகாணியத் தொட்டுப் பாத்தேன். நான் விட்ட எடத்துல இல்ல. கடையில நம்ம ரெண்டு பேரத் தவிர யாரு இருக்கா?"

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா நீ நிறுத்திடுவே. நீ நிறுத்தினா என் கண்ணு போச்சுன்னு நான் ஒத்துக்கணும். எனக்குப் பயமா இருந்துச்சு. நீ படுத்திருந்த எட்டு நாளும் நானே சரியா வச்சிடுவேன்னு மனச ஏமாத்திக்கிட்டேன்."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நர்ஸ் இரண்டாம் தடவை வந்து கதவருகே நின்றாள். அவர் கையை நீட்டி, தேடி, அவள் மணிக்கட்டைப் பிடித்தார். மறுநாள் விடிவதற்குள் அவர் போய்விட்டார். அதனால் அவளுக்கு மிச்சமாக இருப்பது அப்போது கையைப் பிடித்தபடி அவர் சொன்னதுதான்.

"உன்மேல தப்பே இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னாலும் நீ நம்ப மாட்டே. நாம ரெண்டு பேரும் சேந்துதான் செஞ்சோம். எல்லாத்தையும் நீயே தூக்கிக்கிட்டுப் போகாதம்மா. பாதிய இங்க என்கிட்ட வச்சிட்டுப் போ."